1808 செப்புக்காசும் ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கமும்: நீராவி செய்தது என்ன, செய்யாதது என்ன?

நீங்கள் கேட்டது இதுதான். தாத்தாவின் பெட்டியில் இரண்டு பொருள்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, சிங்கங்கள் தாங்கிய கேடயமும் 1808 என்ற ஆண்டும் ஒரு பக்கம், பாரசீக எழுத்தும் ரோமன் எண்ணில் 20 கேஷ் என்ற மதிப்பும் மறுபக்கம் உள்ள செப்புக்காசு. மற்றொன்று, சிங்கம் ஒரு புலியைக் கீழே தள்ளி அமுக்கும் படம் போட்ட, வெள்ளை உலோகத்தில் செய்த பெரிய வட்டு. இரண்டும் ஒரே இடத்தில் நீராவி இயந்திரத்தில் அடித்தவை என்று யாரோ சொன்னார், அது உண்மையா, 1808லேயே நீராவியில் காசு அடித்தார்களா, உண்மையென்றால் காசு கூர்மையாகவும் பதக்கம் மழுங்கியும் இருப்பது ஏன் என்கிறீர்கள். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் உள்ளே இருக்கிறது: கையில் இருப்பது அசலா? முதல் பகுதிக்கு விடை எளிது. இவ்வகைக் காசும் இவ்வகைப் பதக்கமும் இங்கிலாந்தில் பர்மிங்காமை ஒட்டிய சோஹோவில், மேத்யூ போல்டனின் நாணயச்சாலையில் பிறந்தவைதான். நீராவியும் உண்மைதான். ஆனால் காசின் அழகுக்கெல்லாம் நீராவியைக் காரணம் சொல்வது பாதிதான் சரி. வேகத்தைக் கொடுத்தது நீராவி. அந்த அப்பழுக்கில்லாத வட்டத்தைக் கொடுத்தது ஓர் எஃகு வளையம். பதக்கத்தின் கதை இரண்டிலிருந்தும் கொஞ்சம் விலகியது.

போல்டன் (1728–1809) பொத்தான், கொக்கி, வெள்ளிச் சாமான் செய்த உற்பத்தியாளர். 1775 முதல் ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி. வாட்டின் இயந்திரம் முதலில் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது, அதாவது மேலும் கீழும் மட்டும் ஆடியது. 1780களில் அது சக்கரத்தைச் சுற்றும் இயந்திரமாக மாறியதும், அதைக் கொண்டு எதையெல்லாம் ஓட்டலாம் என்று போல்டன் தேடினார். அப்போது இங்கிலாந்தில் செப்புக்காசு கள்ளக்காசால் நாறிக் கிடந்தது. பயணத்தில் சுங்கச்சாவடிகளில் தனக்குக் கிடைக்கும் சில்லறையில் மூன்றில் இரண்டு பங்கு கள்ளக்காசு என்று 1789ல் அவரே எழுதியிருக்கிறார். கள்ளன் ஒரு வில்லையை வார்த்தோ மட்டமாக அடித்தோ விற்க முடிகிறதென்றால், அரசின் காசும் கிட்டத்தட்ட அதே தரத்தில் இருப்பதுதான் காரணம். எல்லாக் காசும் ஒரே வட்டம், ஒரே எடை, ஒரே தடிமன் என்று வந்துவிட்டால் கள்ளக்காசு தானாகக் கண்ணில் படும் என்பது அவர் கணக்கு. 1788ல் சோஹோவில் நாணயச்சாலை கட்டினார், 1790ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அரசின் பெரிய ஒப்பந்தம் 1797ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இயந்திரங்கள் சும்மா நிற்காமல் காத்தவை கிழக்கிந்தியக் கம்பெனியின் காசுகள், சில்லறைக்குப் பதிலாகப் புழங்கிய தனியார் டோக்கன்கள், பிரான்சின் மோனெரான் சகோதரர்களுக்கு 1791, 1792ல் அடித்த செப்பு டோக்கன்கள், அப்புறம் பதக்கங்கள். பதக்கம் அவருக்கு வியாபாரம் மட்டுமல்ல, விளம்பரமும்கூட. அமைச்சரின் மேசையில் ஒரு நல்ல பதக்கத்தை வைத்துவிட்டால் 'இவனால் காசும் அடிக்க முடியும்' என்பதைத் தனியாக வாதாட வேண்டியதில்லை.

நீராவிக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் அது எதை மாற்றியது என்பது புரியும். நம் ஊர்க் கம்பட்டத்தில், அதாவது நாணயச்சாலையில், கீழ் அச்சைக் கட்டையில் பதித்து, சூடுபடுத்திய உலோகத் துண்டை அதன்மேல் வைத்து, மேல் அச்சான கம்பட்டமுளையைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். துண்டு அச்சைவிடச் சிறியது, அடித்தால் தாறுமாறாகப் பரவும். பழைய துட்டுகளில் எழுத்து பாதி மட்டும் விழுந்திருப்பது அதனால்தான். அதைப் போலிக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பாவில் அதற்குள் திருகு பிரஸ் வந்துவிட்டது. செங்குத்தான பெரிய திருகு, அதன் தலையில் குறுக்கே நீண்ட கம்பி, கம்பியின் இரு முனையிலும் ஈயக் குண்டு. ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துச் சுழற்றுவார்கள், திருகு இறங்கி அடிக்கும், ஒருவர் குழியில் உட்கார்ந்து அடித்த காசைத் தட்டிவிட்டுப் புது வில்லையை, அதாவது இன்னும் உருவம் பதியாத வட்டத் தகட்டை, வைப்பார். விரல் போகும் வேலை. நிமிடத்துக்கு இருபது முப்பது காசு அடித்தால் ஆட்கள் சீக்கிரமே தளர்ந்துவிடுவார்கள், மாற்று அணி வர வேண்டும். தளர்ந்த கை அடித்த காசு ஆழமில்லாமல் வரும். காலையில் அடித்ததும் மாலையில் அடித்ததும் ஒன்றாக இராது.

போல்டனின் முதல் அமைப்பில் எட்டுத் திருகு பிரஸ்கள் வட்டமாக நின்றன. அவற்றுக்கு மேலே நீராவி இயந்திரம் சுழற்றும் பெரிய கிடைச் சக்கரம். சக்கரத்திலுள்ள முட்டுகள் ஒவ்வொரு பிரஸ்ஸின் கையையும் வரிசையாகத் தள்ளிவிட்டுப் போகும், கை திரும்பி வரும், அடுத்த முட்டு தள்ளும். எண்ணம் நல்லது, நடைமுறையில் சத்தமும் அதிர்ச்சியும் அதிகம். உலோகத்தில் உலோகம் மோதும் வேகத்தில் கைகளும் முட்டுகளும் உடைந்தன. 1790களின் இறுதியில் நாணயச்சாலையைத் திரும்பக் கட்டியபோது வழியை மாற்றினார்கள். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஓர் உருளை, அதற்குள் பிஸ்டன். நீராவி இயந்திரம் ஓட்டும் பம்ப் உருளையிலிருந்து காற்றை உறிஞ்சும், வெளியே உள்ள காற்றழுத்தம் பிஸ்டனை உள்ளே தள்ளும், அந்த இழுப்பில் திருகு சுழலும். அதாவது கடைசி அடியைக் கொடுப்பது நீராவி அல்ல, காற்று. இதனால் அடி மென்மையாகத் தொடங்கி வேகமெடுக்கிறது, ஒவ்வொரு பிரஸ்ஸையும் தனித்தனியே நிறுத்தவும் அடியின் பலத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடிகிறது. 1810 வாக்கில் லண்டன் டவர் ஹில்லில் ஓடத் தொடங்கிய புதிய அரச நாணயச்சாலைக்கும் சோஹோவிலிருந்து போனது இந்த முறைதான்.

வேகம் பற்றிய எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். போல்டனின் நண்பர் எராஸ்மஸ் டார்வின் 1791ல் எழுதிய குறிப்பில், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் நால்வர் ஒரு மணி நேரத்தில் 30,000 கினி, அதாவது ஆங்கிலேயத் தங்கக்காசு, அடித்துவிடலாம் என்கிறார். அது இயந்திரத்தின் உச்சத் திறனைப் பற்றி நண்பர் சொன்ன பாராட்டு. அச்சு உடைந்து மாற்றும் நேரம், வில்லை சிக்கும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. சிறுவர்கள் வேலை செய்தது உண்மை. வில்லைகளைக் குழாயில் அடுக்குவதுதான் அவர்கள் வேலை, இயந்திரமே ஒவ்வொன்றாக எடுத்து அச்சின்மேல் வைக்கும். சந்தேகமில்லாத கணக்கு வேண்டுமென்றால் விளைச்சலைப் பாருங்கள். 1797 ஒப்பந்தத்தில் வந்த, வண்டிச்சக்கரம் என்று பெயர் வாங்கிய பென்னிகள் சுமார் 4.4 கோடி, இரு பென்னிகள் 7 லட்சத்துக்கு மேல். பென்னி சரியாக ஓர் அவுன்ஸ், அதாவது 28.3 கிராம், 36 மி.மீ. அகலம். இரு பென்னி இரண்டு அவுன்ஸ், 41 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன். எட்டு இரு பென்னியைத் தராசில் வைத்தால் ஒரு பவுண்டு எடைக்கல். தேய்மானம் எழுத்தைத் தொடாதிருக்க அகலமான விளிம்பை உயர்த்தி, எழுத்தை அதற்குள் குழித்து வெட்டினார்கள். அருமையான யோசனை, சட்டைப்பைக்குத்தான் ஆகவில்லை. செம்பு விலை ஏறியதும் உருக்கியும் விட்டார்கள்.

இப்போது வளையத்துக்கு வருவோம். திருகு பிரஸ்ஸில் வில்லை தடையில்லாமல் கிடந்தால், அடிபட்டதும் பக்கவாட்டில் பிதுங்கும். வட்டம் கொஞ்சம் கோணும், ஓரம் வெடிக்கும், ஒன்று 30 மி.மீ., அடுத்தது 31 மி.மீ. என்று வரும். வில்லையைச் சுற்றி ஒரு கெட்டியான எஃகு வளையத்தை, காலர் என்பார்கள், வைத்துவிட்டால் செம்பு பக்கவாட்டில் போக வழியில்லை. அச்சின் பள்ளங்களுக்குள் ஏறித்தான் ஆக வேண்டும். விளைவு இரண்டு: எல்லாக் காசும் ஒரே வட்டம், எழுத்து ஓரம்வரை கூர்மை. பாரிஸிலிருந்து போல்டன் வரவழைத்த ழான்-பியர் ட்ரோ, பல துண்டுகளாகப் பிரியும் வளையம் ஒன்றைச் செய்து காட்டினார். அடிக்கும்போது துண்டுகள் சேர்ந்து ஓரத்தில் எழுத்தையும் பதிக்கும், அடித்தபின் விரிந்து காசை விடும். மாதிரிகள் கண்ணைப் பறித்தன. பெருவாரி உற்பத்திக்கு அது சரிப்படவில்லை, ட்ரோவுக்கும் போல்டனுக்கும் கசந்தும் போனது. கடைசியில் நின்றது ஒரே துண்டான எளிய வளையம்தான். அடித்து முடிந்ததும் வளையம் இறங்கும், காசு மேலே நிற்கும், அடுத்த வில்லை வரும்போது அதைத் தள்ளிவிடும். உங்கள் 20 காசின் ஓரம் வழுவழுப்பாக, செங்குத்தாக இருப்பது அந்த வளையத்தின் உட்சுவரின் நகல்.

ஆனால் வளையம் ஒரு நிபந்தனையோடு வருகிறது: வில்லைகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தடிமன் கொஞ்சம் கூடினால் மிச்சச் செம்பு அச்சுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள மயிரிழைச் சந்தில் ஏறி, விளிம்பில் கூரான முடி போல நிற்கும். குறைந்தால் நடுவிலுள்ள உருவம் நிரம்பாது. அதனால் சோஹோவின் உழைப்பில் பெரும்பகுதி பிரஸ்ஸுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். செம்புப் பாளத்தைச் சூடாக உருட்டாலையில் தட்டி, கருகல் போகச் சுத்தம் செய்து, பின்பு குளிராகவே உருட்டித் தகட்டைத் துல்லியமாக்கி, நீராவியால் ஓடும் வெட்டு பிரஸ்களில் வில்லை வெட்டி, பீப்பாயில் போட்டு உருட்டிப் பிசிறு நீக்குவார்கள். குளிராக உருட்டிய செம்பு விறைத்திருக்கும். உலையில் சிவக்கக் காய்ச்சி இளக்குவது அதற்காக. பிறகு நீர்த்த அமிலத்தில் கழுவி, மரத்தூளில் உலர்த்துவார்கள். இளக்குவது குறைந்தால் அச்சு உடையும். அதிகச் சூட்டில் அதிக நேரம் கிடந்தால் செம்பின் மணிகள் பெருத்து, அடித்த முகம் ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரக்கும். அமிலம் சரியாகப் போகவில்லை என்றால் கருந்திட்டு அச்சுக்குள் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆயிரம் காசிலும் தழும்பாகத் தொடரும்.

அச்சு தனிக் கலை. செதுக்குபவர் உருவத்தை எஃகில் வெட்டுவார், அதைக் கெட்டிப்படுத்தி, இளகிய எஃகுக் கட்டைகளில் அழுத்தி எதிருருவம் எடுப்பார்கள், அதிலிருந்து வேலை அச்சுகளைப் பெருக்குவார்கள். ஒரே மூலத்திலிருந்து பல அச்சு பிறப்பதால்தான் இலட்சக்கணக்கான காசும் ஒரே முகம் காட்டுகிறது. கடைசிப் படி, அச்சைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பது. மேல்தோல் மட்டும் கெட்டியாகி உள்ளே இளகியிருந்தால் சில நூறு அடியில் முகம் குழிந்துவிடும். மிதமிஞ்சிக் கெட்டியானால் விளிம்பிலிருந்து பிளக்கும். பிளந்த அச்சில் செம்பு புகுவதால் காசில் விளிம்பிலிருந்து உள்நோக்கி மேடான கோடு ஒன்று ஓடும். உங்கள் காசில் அப்படிக் கோடு இருந்தால் அது கீறல் அல்ல. கீறல் பள்ளம், பிளவு மேடு. நகத்தால் தடவினாலே தெரியும். வில்லை வராமல் பிரஸ் அடித்துவிட்டால் அச்சுகள் ஒன்றோடொன்று மோதி, ஒரு பக்கத்து உருவத்தின் சாயல் மறுபக்கம் ஏறும். கையால் இழுக்கும் ஆள் வில்லை இல்லாததைப் பார்த்தால் நிறுத்துவார், இயந்திரம் அதைப் பார்ப்பதில்லை.

பதக்கம் இந்த ஓட்டத்தோடு சேராது. காசின் உருவம் தட்டை, அடுக்கி வைக்க வேண்டும், ஒரே அடியில் நிரம்ப வேண்டும். பதக்கத்தில் முகமும் உருவங்களும் உயர்ந்து நிற்கும். 48 மி.மீ. வெள்ளியிலோ செம்பிலோ அவ்வளவு உயரத்தை ஓர் அடியில் ஏற்ற முடியாது. அடித்ததும் உலோகம் விறைத்துவிடும். எடுத்து உலையில் இளக்கி, கருகலைக் கழுவி, அதே அச்சில் இம்மியும் பிசகாமல் பொருத்தி மறுபடி அடிக்க வேண்டும். உயரத்துக்கேற்ப இரண்டு, மூன்று, சில வேளை அதற்கும் மேல். பொருத்துவது நூலளவு தவறினால் எழுத்துக்கு இரட்டை நிழல் விழும். ஆகவே ஒரு காசுக்கு ஒரு நொடி என்றால் ஒரு பதக்கம் நாள் கணக்கில் பட்டறைக்கும் உலைக்கும் நடக்கும். இரண்டும் ஒரே பட்டறை என்று உறுதியாகச் சொல்லலாம், ஒரே வேலைமுறை என்று சொல்லக் கூடாது. சோஹோவின் பெரும்பாலான பதக்கங்களைச் செதுக்கியவர் 1793ல் அங்கே வந்த ஜெர்மானியர் கொன்ராட் ஹைன்ரிஷ் க்யூஷ்லர். 1798 நைல் கடற்போருக்காக, அதை வென்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் முகவர் அலெக்சாண்டர் டேவிசன் தன் செலவில் கொடுத்தது அவர் கைவேலை. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலைக்கு வெள்ளி, அதற்கடுத்துப் பொன்முலாம் பூசிய வெண்கலம், மாலுமிக்கு வெறும் வெண்கலம். 1805 டிரஃபால்கர் கடற்போருக்குப் பிறகு போல்டனே தன் பணத்தில் கப்பற்படையினருக்குப் பதக்கம் அடித்துக் கொடுத்தார். மாலுமிகளுக்கு வந்தது வெள்ளீயம். அது அவமதிப்பு என்று பலர் கடலில் எறிந்தார்கள் என ஒரு கதை உண்டு. அழகான கதைதான், நான் அதன்மேல் எதையும் கட்ட மாட்டேன்.

உங்கள் பதக்கத்தின் வரிசையும் அதே போல்தான். 1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்தார். அதற்காகக் கம்பெனி சோஹோவில் செய்யச் சொன்ன இதையும் செதுக்கியவர் க்யூஷ்லர்தான். ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை வீழ்த்துகிறது, கீழே ரோமன் எண்களில் நாளும் ஆண்டும். மேலே பறக்கும் கொடியில் அரபியில் 'அசத் அல்லாஹ் அல்-காலிப்', இறைவனின் சிங்கமே வெல்வது. இதில் ஒரு முரண் இருக்கிறது: திப்புவின் ஆயுதங்களிலும் கொடிகளிலும் புலிமுகமாக வளைத்து எழுதியிருந்த தொடரும் இதுவே. மறுபக்கம் கோட்டைச் சுவரின் உடைப்பில் படை ஏறும் காட்சி, அடியில் பாரசீக எழுத்து. தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என்று பதவிக்கேற்ப உலோகம் இறங்கும். சிப்பாய்களுக்கு வெள்ளீயம், அடித்ததில் பெரும்பகுதி அதுவே. சோஹோப் பதக்கம் 48 மி.மீ. விட்டம். கல்கத்தாவில் வங்காளப் படைக்கென அடித்த இன்னொரு வகை 45 மி.மீ., செதுக்கல் அவ்வளவு நயமில்லை. அளவு குறைகிறதே, போலியோ என்று பதறுவதற்கு முன் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். அந்தக் கல்கத்தா வகை தங்கத்திலும் வெள்ளியிலும்தான், வெள்ளீயத்தில் அல்ல. துளையும் வளையமும் பதக்கத்தோடு வந்தவை அல்ல, வாங்கியவர்கள் தொங்கவிட்டுக்கொள்ளப் போட்டது. அதனால் துளை ஒரு குறை என்றாலும் பொய்மைக்குச் சான்றல்ல.

இனி, பதக்கம் மழுங்கியிருப்பது ஏன் என்பது எளிது. வெள்ளீயம் மென்மையானது, ஓர் அடியிலேயே அச்சை நிரப்பும். ஆயிரக்கணக்கில் மலிவாகக் கொடுக்க அதனால்தான் அதைத் தேர்ந்தார்கள். எது எளிதாக நிரம்புகிறதோ அது எளிதாகத் தேயவும் செய்யும். இருநூறு ஆண்டு பெட்டியில் மற்ற சாமான்களோடு உரசினாலே முகம் போய்விடும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வெறுமையாக அடுப்பில் வைத்தவர்களுக்குத் தெரியும், வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். எனவே கொக்கி பற்றவைக்க நகைப்பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். குளிர்நாட்டுப் புத்தகங்களில் வெள்ளீயம் தானாகப் பொடியாகும் நோய் என்று படித்துப் பயப்படவும் வேண்டாம். அது 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் வருவது.

காசுக்கு வருவோம். கம்பெனிக்கும் சோஹோவுக்கும் தொடர்பு 1786லேயே, சுமத்ராவின் பெங்கூலன் காசோடு தொடங்கியது, அப்போது நீராவி இல்லை. 1794ல் வட சர்க்கார் பகுதிக்கென (இன்றைய ஆந்திரக் கடலோரம்), ஒரு ரூபாய்க்கு 48 என்று எழுதிய செப்புக்காசு வந்தது, அதன் ஓரத்திலும் கம்பெனியின் பெயர் ஓடும். 1803ல் சென்னை மாகாணத்துக்கு 20, 10, 5, 1 காசுகள், பிறகு 1808ல் மறுபடியும் 20, 10. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று அதில் இருப்பது நம் காசுதான். போர்த்துகீசியர் வாய் வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்த சொல். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற சென்னைக் கணக்கில் உங்கள் 20 காசு கால் பணம். பாரசீக வரி '20 காசு என்பது 4 ஃபலூஸ்' என்று சொல்கிறது; ஃபலூஸ் என்பது செப்புக்காசு. எடை 9.3 கிராமை ஒட்டியும் விட்டம் 31 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். 10 காசு அதில் பாதி எடை, 26 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 1808 ஆண்டுக் காசு இன்று இத்தனை மலிவாகவும் இத்தனை புதிதாகவும் கிடைக்க ஒரு காரணம் உண்டு. சென்னைக்குக் காசு ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுப் போகுமுன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் பீப்பாய் பீப்பாயாக எடுத்தார்கள். ஆனால் உங்கள் தாத்தா பெட்டியிலுள்ளது நம் ஊர்ச் சந்தையில் புழங்கித் தேய்ந்ததா, அண்மையில் வாங்கிய கடற்காசா என்பதை மேற்பரப்பு சொல்லும். கடற்காசில் எழுத்தின் உச்சி தேயாமலே தோல் முழுதும் நுண்குழிகளாக அரித்திருக்கும். புழங்கிய காசில் சிங்கத்தின் உடலும் கேடயத்தின் நடுவும் வழவழவென்று தேய்ந்து, பள்ளங்களில் கருப்பு தங்கியிருக்கும்.

அசலா என்று படத்தை மட்டும் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் முதலில் காசின் எடையைக் குறியுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுதும் மூழ்கும்படி பிடியுங்கள். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. செம்புக்கு 8.9 வர வேண்டும், 9.33 கிராம் காசு தண்ணீரில் 1.05 காட்டும். பித்தளை என்றால் 8.4, 8.5 என்று இறங்கும். வெள்ளீயப் பதக்கத்துக்கு 7.3ஐ ஒட்டி வரும், காரீயம் கலந்த வார்ப்பு அதைவிடக் கூடிப்போகும். வார்ப்பில் செய்த போலி குளிரும்போது சுருங்கும். அசலிலிருந்து எடுத்த செப்பு வார்ப்பு நூற்றில் இரண்டு பங்குவரை சிறுக்கும் என்பதால் 30.8 இருக்க வேண்டியது 30.3 பக்கம் நிற்கும். பூதக்கண்ணாடியில் எழுத்தின் அடிவாரத்தைப் பாருங்கள். அடித்த காசில் எழுத்து தரையிலிருந்து செங்குத்தாக எழும், வார்த்ததில் சோறு வடித்ததுபோல் உருண்டு கரையும். ஓரத்தைச் சுற்றி அரம் போட்ட தடமோ இணைப்புக் கோடோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இன்னொரு வகையும் உண்டு. 1850ல் சோஹோவின் இயந்திரங்கள் ஏலத்துக்குப் போனபோது பிரஸ்களை ரால்ஃப் ஹீட்டன் வாங்கினார். பழைய அச்சுகள் பல லண்டன் அச்சுவெட்டி டெய்லர் கைக்குப் போயின. துருப்பிடித்த அந்த அச்சுகளில் அவர் திரும்ப அடித்தவற்றில் துருக்குழிகள் மேடான புள்ளிகளாகத் தெரியும். அவை பெரும்பாலும் மாதிரிக்காசுகள், உங்கள் புழக்கக்காசுக்கு அந்தக் கவலை இல்லை.

விலை பற்றி ஒரு வரி. புழங்கிய 1808 காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் சில நூறு ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 'கம்பெனிக் காசு அரிசியை இழுக்கும், கோடி கொடுக்கிறோம்' என்று யாராவது வந்தால் அது ரைஸ் புல்லிங் மோசடி, காசை அல்ல உங்களை இழுப்பது. ராமர் பட்டாபிஷேகமும் 1818ம் போட்ட 'அரை அணா' கம்பெனிக் காசுகளும் பின்னாளில் சந்தைக்காகச் செய்த வேடிக்கைப் பொருள்களே. கடவுள் உருவம் இருப்பதால் அப்படிச் சொல்லவில்லை, சென்னையில் கம்பெனி பெருமாள் உருவத்தோடு தங்க வராகன் அடித்தது உண்மை. அந்த உருவமும் எழுத்தும் மதிப்பும் சேர்ந்து எந்த நாணயச்சாலையிலும் வந்ததில்லை என்பதே காரணம்.

கடைசியாக, பெட்டியிலிருந்து எடுத்ததும் கை அரிக்கும், புளி போட்டுத் தேய்த்துவிடத் தோன்றும். வேண்டாம். புளியின் அமிலம் இருநூறு ஆண்டுத் தோலை ஒரு நிமிடத்தில் உரித்துவிடும். விபூதி, பல்பொடி, பித்தளைப் பாலிஷ் எல்லாம் நுண்ணிய அரமே. செப்புக்காசைக் காய்ச்சி வடித்த சுத்த நீரில் ஒருநாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி இன்னும் ஒருநாள் வைத்து, அழுத்தாமல் ஒற்றி உலர்த்தினால் போதும். வெளிறிய பச்சைத் தூள் துடைத்தும் மறுபடி மறுபடி பூத்தால் உள்ளே உப்பு இருக்கிறது என்று பொருள், அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். வெள்ளீயப் பதக்கத்தைத் தண்ணீரில் ஊறவைக்காமல் மென்தூரிகையால் தூசி மட்டும் தட்டுங்கள். இரண்டையும் பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், அது நாளடைவில் பச்சைப் பிசினாக ஒட்டும். அமிலமில்லாத காகித உறை போதும். எடை, விட்டம், தண்ணீரில் காட்டிய எண், ஓரத்தின் படம் இந்த நான்கும் கிடைத்தால் மேற்கொண்டு பேசலாம்.